பன்றித் தீவனத்திலிருந்து ஐசியு வரை: கொலிஸ்டினை வென்ற மரபணு

கொலிஸ்டின் 1950களில் வந்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரங்கட்டிவிட்டார்கள். புது ஆன்டிபயாட்டிக்குகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டதும், எதற்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்றோடு ஐசியுவில் கிடப்பவருக்கு மறுபடி அதைத்தான் ஏற்றுகிறார்கள்.

கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் லிப்பிட் ஏ என்றொரு கொழுப்பு மூலக்கூறு உண்டு. அதிலுள்ள பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின்னூட்டம், கொலிஸ்டினுக்கு நேர்மின்னூட்டம். மருந்து போய் ஒட்டிக்கொண்டதும், சவ்வை இறுக்கி வைத்திருந்த கால்சியம், மெக்னீசியம் அயனிகள் விலகுகின்றன. சவ்வு கிழிந்து பாக்டீரியா சாகிறது.

தப்பிக்க என்ன வழி? பாஸ்பேட்டின் மேல் பாஸ்போஎத்தனாலமீன் என்ற சிறு மூலக்கூறை ஒட்டிவிட்டால் போதும். எதிர்மின்னூட்டம் குறைந்து, மருந்துக்குப் பிடி கிடைக்காது. சில பாக்டீரியாக்கள் குரோமோசோமில் நேரும் திடீர்மாற்றத்தால் முன்பே இதைச் செய்து வந்தன. ஆனால் அது வாரிசுகளுக்கு மட்டுமே போகும் என்பதால் பரவல் மெதுவாகத்தான் இருந்தது.

2015 நவம்பரில் அந்த நிம்மதியும் போனது. ஷாங்காய் பண்ணைப் பன்றி ஒன்றின் ஈ.கோலையில், அதே ஒட்டு வேலையைச் செய்யும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது இருந்த இடம்தான் வயிற்றைக் கலக்கியது: பிளாஸ்மிட். குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம் அது. பாக்டீரியா பிலஸ் என்ற மெல்லிய இழையை நீட்டிப் பக்கத்திலிருப்பதை இழுத்துக்கொள்ளும். வளையத்தின் இரு இழைகளில் ஒன்று வெட்டுப்பட்டு அந்தப் பக்கம் நுழையும். பிறகு இருவரும் தங்களிடம் இல்லாத இழையைப் புதிதாகக் கட்டிக்கொள்வார்கள். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது போலத்தான். கொடுத்தவரிடமும் ஒன்று இருக்கும். வாங்குபவர் வாரிசாக வேண்டாம், அதே இனமாகக்கூட இருக்க வேண்டாம்.

அந்த ஆய்வில் பண்ணை விலங்குகளின் ஈ.கோலை மாதிரிகளில் 21 சதவீதத்திலும், பச்சை இறைச்சியில் 15 சதவீதத்திலும், நோயாளிகளிடம் 1 சதவீதத்திலும் எம்சிஆர்-1 இருந்தது. சில நோயாளிகளின் கிளெப்சியெல்லாவிலும்கூட. எண்கள் இறங்கும் வரிசையே அது எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்கிறது. அங்கே பன்றிகள் சீக்கிரம் கொழுக்கத் தீவனத்தில் கொலிஸ்டின் கலந்துகொண்டிருந்தார்கள். உயிர் காக்கும் மருந்தை எடை ஏற்றப் போட்டது மன்னிக்க முடியாத விரயம்.

இந்த மரபணுவைச் சுமப்பது பாக்டீரியாவுக்குச் செலவுதான். சவ்வின் கட்டமைப்பே பாதிக்கப்படுகிறது. மருந்து இல்லாத இடத்தில் சுமக்காதவை முந்திக்கொள்ளும். தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. அடுத்த ஆண்டுகளில் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் எம்சிஆர்-1 தெளிவாகக் குறைந்தது. இந்தியாவிலும் 2019 ஜூலை முதல் கோழி, மீன் பண்ணைகளுக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் கொலிஸ்டின் தயாரிக்கவோ விற்கவோ தடை இருக்கிறது.