ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம், திங்கட்கிழமை கிளினிக்

ராமநாதபுரத்தில் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறவர்களுக்குத் திங்கட்கிழமை காலை எப்படி இருக்கும் என்று தெரியும். அதுவும் கோடை விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். கன்னம் கறுத்து, உதடு வெடித்து, அம்மா தோளில் துவண்டு கிடக்கும் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். "நேத்து ராமேஸ்வரம் போயிட்டு வந்தோம் டாக்டரம்மா, ராத்திரியிலிருந்து காய்ச்சல்" என்று பேச்சு தொடங்கும். கூடவே வந்திருக்கும் அப்பத்தா, "கண்ணு பட்டுருச்சு" என்பார்.

போன மே மாதம் அப்படி வந்த ஒரு நான்கு வயதுப் பையனின் முந்தைய நாளை அவன் அப்பாவிடம் கேட்டு எழுதி வைத்தேன். விடிவதற்கு முன் காரில் கிளம்பியிருக்கிறார்கள். அக்னி தீர்த்தம், கோயிலுக்குள் 22 தீர்த்தம், தரிசனம், கலாம் நினைவிடம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை, பாம்பன் பாலம், திரும்பும் வழியில் திருப்புல்லாணி, தேவிபட்டினம். பையன் காலையில் ஒன்றரை இட்லி சாப்பிட்டிருக்கிறான். மதியம் தூங்கவே இல்லை. சாயங்காலம் இரண்டு முறை வாந்தி.

நாக்கைப் பார்த்துக்கொண்டே, "நேத்து என்னடா தங்கம் பார்த்தே?" என்று கேட்டேன்.

"நண்டு. ஓட்டைக்குள்ள போயிருச்சு."

"அரிச்சல்முனையில மணல்ல குத்த வச்சு உக்காந்துட்டான். நேரமாச்சுன்னு இழுத்துக்கிட்டு வந்துட்டோம்" என்றார் அப்பா.

ஒன்பது இடத்தில் அந்தப் பிள்ளைக்கு மனதில் நின்றது ஒரு நண்டு. அதையும் அவன் முழுசாகப் பார்க்கவில்லை. இதைச் சொல்லி அந்த அப்பாவைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் லீவு போட்டு, பெட்ரோல் போட்டு, பிள்ளைக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். ஆனால் அந்தத் திட்டம் பெரியவர்களின் கால்களுக்கும் பெரியவர்களின் வயிற்றுக்கும் போட்டது.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு தாளை எடுத்து, பிள்ளை மதியம் தூங்கும் நேரத்தை முதலில் எழுதுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை 10 முதல் 13 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேர்த்திதான். உங்கள் பிள்ளை பன்னிரண்டரைக்குத் தூங்கி இரண்டரைக்கு எழும் என்றால், பதினொன்றரைக்குச் சோறு ஊட்டி முடித்திருக்க வேண்டும். அப்படியானால் காலையில் ஓர் இடம், நாலு மணிக்கு மேல் ஓர் இடம். அவ்வளவுதான் அந்த நாளில் இருக்கிறது. பத்து மணியிலிருந்து நாலு மணி வரை நிழலில் இருங்கள். ராமேஸ்வரத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே படுக்கப் போடுங்கள், இல்லையென்றால் பகலுக்கு மட்டும் ஓர் அறை எடுத்தாலும் அது வீண் செலவு இல்லை.

காலை இடத்துக்கு என் முதல் சிபாரிசு ரயில். காரில் போய் ரயிலைப் பார்ப்பதைச் சொல்லவில்லை, ராமநாதபுரத்தில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்குவதைச் சொல்கிறேன். பழைய பாம்பன் பாலம் 1914-இல் வந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயிலே போகவில்லை. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, கடல் மேல் ரயில் போவது கேள்விப்படாத விஷயம். புதுப்பாலத்தின் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வரும்போது அப்படியே மட்டமாக மேலே தூக்கிக்கொள்ளும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு தீப்பெட்டியையும் ஒரு ஸ்கேலையும் வைத்து இதை வீட்டிலேயே விளக்கிவிடலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே அலையும் தூரத்தில் வள்ளங்களும் தெரிய வருகிற அந்தச் சில நிமிடங்கள் போதும், பயணமே ஓர் இடமாகிவிடும். பிள்ளையை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், கதவுப் பக்கம் வேண்டாம்.

அதே பாலத்தைச் சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோட்டுப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, பிள்ளையைக் கைப்பிடிச் சுவர் மேல் உட்கார வைத்துப் படம் எடுப்பதை வாராவாரம் பார்க்கிறேன். அங்கே அடிக்கிற காற்று பெரியவர்களையே தள்ளும். பின்னால் பஸ் வந்துகொண்டே இருக்கும். பாலத்தைத் தாண்டிப் பாம்பன் பக்கம் இறங்கி, கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். பிள்ளைக்கு அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

கோயிலுக்குப் போகிறீர்கள் என்றால் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். ஆடி அமாவாசை, புரட்டாசியின் மகாளய அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கைப்பிள்ளையோடு அந்தக் கூட்டத்துக்குள் போகாதீர்கள். மற்ற நாளில், கூட்டம் சேருவதற்கு முன் காலையில் போனால், மூன்றாம் பிரகாரத்தைவிடக் குளுமையான இடம் இந்தத் தீவில் இல்லை. 1212 தூண்கள். பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு பக்கமாக நடந்து தூண் எண்ணச் சொல்லுங்கள், இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணட்டும். 22 தீர்த்தத்தில் பெரியவர்கள் ஆளாளுக்கு மாறி மாறிக் குளியுங்கள், ஒருவர் பிள்ளையோடு உலர்ந்த இடத்தில் உட்காரட்டும். பிள்ளைக்குத் தலையில் தெளித்தால் போதும். ஈரக் கல் தரையில் வழுக்கிப் பின்மண்டை அடிபட்டு வரும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஈரத்துணியோடு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு நடுங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளையும்தான்.

தனுஷ்கோடி சாயங்கால இடம். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்ததையும், மிச்சமிருக்கும் தேவாலயச் சுவரையும் காட்டிக் கதை சொல்லலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளை கேள்வி கேட்டுத் துளைத்துவிடும். 2017-இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறந்த பிறகு காரிலேயே கடைசிவரை போய்விட முடிகிறது. அதனாலேயே நடுமதியத்திலும் கைக்குழந்தையோடு போய்விடுகிறார்கள். அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இன்னொன்று, கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும். சட்டை நனையாததால் பிள்ளைக்கு வியர்க்கவில்லை என்று நினைக்கிறோம், ஆனால் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கிறது. வெயில் சாய்ந்தபின் போங்கள். இருட்டும்வரை இருக்க விடமாட்டார்கள் என்பதால் நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். போனதும் நண்டு ஓட்டையைக் காட்டிவிட்டு, பிள்ளை போதும் என்று சொல்லும்வரை பக்கத்தில் சும்மா உட்காருங்கள்.

கடலில் மட்டும் அங்கே இறக்க வேண்டாம். கணுக்கால் அளவு என்றாலும் வேண்டாம். இரண்டு கடல் சேரும் இடம், நீரோட்டமும் இழுப்பும் கரையிலேயே இருக்கிறது. பிள்ளை தண்ணீரில் ஆடியே ஆக வேண்டுமென்றால் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை இருக்கிறது. சவுக்குத் தோப்பு நிழல், ஆழமில்லாத வடகடல் (பாக் விரிகுடா). ஆனால் மீனவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். எந்தக் கடலாக இருந்தாலும், உங்கள் கை நீட்டினால் பிள்ளை எட்ட வேண்டும். தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையைத் தூக்கி ஆட்டாது. சத்தமே இல்லாமல் போய்விடும். செல்போனைப் பையில் போட்டுவிட்டு நில்லுங்கள்.

பை என்றதும் ஓ.ஆர்.எஸ். ஞாபகம் வருகிறது, உடம்பில் நீர் வற்றாமலிருக்கத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள். இதில் நடக்கும் தவறை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கடையில் கிடைக்கும் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. ஒருமுறை ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வெயிலில் வாடிவிட்டாள் என்று பெரிய பாக்கெட்டை முழுசாக 250 மில்லி பால் பாட்டிலில் கரைத்துக் கொடுத்திருந்தார் அம்மா. பாட்டிலில் மிச்சமிருந்ததை நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், கரித்தது. உப்பு நான்கு மடங்கு. மூளையையே பாதிக்கக்கூடிய அளவு. நல்லவேளையாக, குழந்தை அதில் பாதிக்கு மேல் குடிக்கவில்லை. கரைத்ததும் நீங்கள் ருசி பாருங்கள், கண்ணீரைவிட உப்புக் கூடுதலாக இருந்தால் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பிக் கொடுக்காதீர்கள். அவற்றில் சர்க்கரை மிக அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர், இளநீர், மோர் போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டும்தான், அடிக்கடி கொடுங்கள்.

பிள்ளை ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, கூப்பிட்டால் சரியாகப் பார்க்கவில்லை. இதில் எது தெரிந்தாலும் அன்றைய சுற்றுலா முடிந்தது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெயிலில் இருந்த பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்து, உளறலோ மயக்கமோ வந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, துணியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். காய்ச்சல் மருந்து அதற்கு வேலை செய்யாது. தூங்குகிறதே என்று பூட்டிய காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சாப்பாட்டுக்கு இட்லியில் நல்லெண்ணெயும் பொடியும் தடவிக் கட்டிக்கொள்ளுங்கள், வாழைப்பழம் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் வழியெங்கும் நுங்கு கிடைக்கும், சின்னப் பிள்ளைக்கு நசுக்கிக் கொடுங்கள். வேர்க்கடலை மட்டும் நாலு வயதுக்குள் வேண்டாம்.

இரண்டு வயதுப் பையன் ஒருவன், பத்து நாள் இருமல் என்று வந்தான். சளி மருந்து இரண்டு பாட்டில் முடிந்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இடது நெஞ்சில் காற்று நன்றாகப் போகிறது, வலது பக்கம் மந்தமாக இருக்கிறது. "கடலை ஏதாவது சாப்பிட்டானா?" என்று கேட்டதும் அம்மா யோசித்தார். பீச்சில் அண்ணன் பொட்டலத்திலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடியதும், விழுந்து இருமியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மதுரைக்கு அனுப்பினோம். குழாய் விட்டு எடுத்தது பாதிக் கடலை. ஓடும்போதும் சிரிக்கும்போதும் வாயில் எதுவும் இருக்கக் கூடாது. அடைத்துக்கொண்ட பிள்ளை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். குரலே வராவிட்டால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு தட்டுங்கள். வெளியே வராவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலே அழுத்துங்கள். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், யாரையாவது 108-க்குப் பேசச் சொல்லுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அன்று போட்டிருக்கும் சட்டையோடு பிள்ளையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பால்பாய்ண்ட் பேனாவால் முன்கையில் உங்கள் நம்பரை எழுதிவிடுங்கள். "அம்மாவைக் காணோம்னா நடக்காதே, அங்கேயே உக்காந்துரு, நான் வந்துருவேன்" என்று காலையிலேயே நாலு தடவை சொல்லி வையுங்கள். தேடியும் கிடைக்காவிட்டால் தயங்காமல் பக்கத்தில் நிற்கும் போலீஸிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம்.

நண்டுப் பையன் போன மாதம் மறுபடி வந்தான், ஐந்து வயது ஊசிக்கு. இந்த முறை ராமநாதபுரத்திலிருந்து ரயிலில் போய், மதியம் ராமேஸ்வரத்தில் அத்தை வீட்டில் தூங்கி, சாயங்காலம் அரிச்சல்முனைக்கு மட்டும் போயிருக்கிறார்கள். ஊசி போட்ட அழுகை அடங்குவதற்குள் என் மேஜையில் ஏறி நின்று, உள்ளங்கையைக் குழித்துக் காட்டினான்.

"டாக்டரம்மா, அந்த நண்டு வெளியே வந்துச்சு. மண்ணை உருட்டி உருட்டி வெளியே போட்டுச்சு. நான் எண்ணுனேன். பதினாலு உருண்டை."