ஓடுபாதையில் நகராத புள்ளி

தரையிறங்கும் விமானத்தின் முன்கண்ணாடியில் ஒரே ஓர் இடம் மட்டும் அசையாது. ஓடுபாதையில் எந்தப் புள்ளி மேலே ஏறாமலும் கீழே நழுவாமலும் அப்படியே நிற்கிறதோ, விமானம் அங்கேதான் போய்ச் சேரும். குறிவைத்த இடம் கண்ணாடியில் கீழே நழுவினால் அதைத் தாண்டிவிடுவோம். மேலே ஏறினால் முன்னதாகவே தரை தட்டும். கண்ணால் பார்த்து இறக்குவதன் அடிப்படை இவ்வளவுதான்.

வழக்கமான இறங்குசரிவு 3 டிகிரி. அதாவது ஒரு கடல் மைல் (1.85 கி.மீ.) முன்னேறுவதற்குள் சுமார் 300 அடி இறங்க வேண்டும். உதவிக்கு ஓடுபாதையோரம் ‘பாப்பி’ விளக்குகள் நான்கு இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரிவு சரி. நான்கும் சிவந்தால் ஆபத்தான தாழ்வு. விளக்குகள் தேவைதான், ஏனென்றால் கண் ஏமாறும்: ஓடுபாதை குறுகலாக இருந்தால் உயரமாகப் பறப்பதுபோலத் தோன்றி, விமானி மேலும் இறக்கிவிடுவார்.

ரேடியோ அலையால் இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் கருவிக்கு இந்த மயக்கம் கிடையாது. தரையிலிருந்து வரும் ரேடியோ அலையில் 90, 150 ஹெர்ட்ஸ் என இரண்டு தொனிகள். எது ஓங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டே சரிவுக்கு மேலா, கீழா என்று அது கண்டுபிடிக்கிறது. அடர்ந்த மூடுபனியில்கூட, விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் இதைப் பிடித்துக்கொண்டு இறங்கும்.

என்னைக் கேட்டால், முழுக்கக் கையால் ஓட்டுவதும் முழுக்க இயந்திரத்திடம் விடுவதும் பெரிய சிக்கலில்லை. பாதி விமானி, பாதி இயந்திரம் என்னும்போதுதான் வம்பு. 2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோ. தென்கொரிய நிறுவனமான ஏசியானாவின் 214ஆம் எண் விமானம், போயிங் 777. வானம் தெளிவு, ஐஎல்எஸ்ஸின் சரிவு வழிகாட்டி மட்டும் அன்று இயங்கவில்லை. அதிக உயரத்தில் வந்த விமானத்தைச் சீக்கிரம் இறக்க விமானி ஒரு தானியங்கி முறையைத் தேர்ந்தார். அதில் குறித்திருந்த உயரமோ 3,000 அடி, அப்போதைய உயரத்தைவிட அதிகம். விமானம் மேலேறத் தொடங்கியது. அவர் ஆட்டோபைலட்டைத் துண்டித்து, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான திராட்டிலைப் பின்னுக்கு இழுத்தார். உடனே அந்த விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ திராட்டில் ‘ஹோல்ட்’ நிலைக்குப் போய், வேகத்தைக் காக்கும் பொறுப்பைக் கைவிட்டது. வேகத்தை அது பார்த்துக்கொள்ளும் என்றே விமானிகள் இருந்தார்கள்.

137 நாட் (மணிக்கு 137 கடல் மைல்) இருக்க வேண்டிய வேகம் 103 வரை சரிந்தது. வால் ஓடுபாதைக்கு முன்னுள்ள கடல்சுவரில் மோதியது, மூவர் இறந்தனர்.

500 அடி உயரத்தில் நிலை சீராக இல்லையென்றால் இறங்காமல் மேலேறிவிட வேண்டும் என்பது விதி. ஏசியானா அந்த உயரத்தைத் தொட்ட நொடியில் வேகமானி சரியாக 137-ஐத்தான் காட்டியது, சரிவும் அநேகமாகச் சரி. ஆனால் எஞ்சின்கள் ஐடிலில், மிகக் குறைந்த விசையில் கிடந்தன. நிமிடத்துக்கு 700 அடி இறங்க வேண்டிய விமானம் 1,200 அடி இறங்கிக்கொண்டிருந்தது. மேலேற அவர்கள் முயன்றபோது உயரம் 100 அடிகூட இல்லை.