ஒரே பெட்டிக்குள் பழைய வெர்ஷனும் புதிய வெர்ஷனும்

பெரிய பிசினஸ் சர்வர்களில் பிராசசர், நினைவகம், டிஸ்க் என்று பங்கு பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினி போலவே நடத்துவது வழக்கம். அந்தப் பங்குக்குப் பெயர் பார்ட்டிஷன். ஒரு பார்ட்டிஷனில் சம்பளக் கணக்கு பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும். பக்கத்துப் பார்ட்டிஷனில் புது வெர்ஷனை ஏற்றி, அதே புரோகிராம்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதித்துக்கொண்டிருப்பார்கள். சரி, எந்த வெர்ஷனை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாமா? அதுதான் முடியாது.

ஐபிஎம்மின் ஏஎஸ்/400 என்ற பிசினஸ் சர்வர் வரிசைக்கு இந்த வசதி 1999இல், அதன் ஆபரேட்டிங் சிஸ்டமான ஓஎஸ்/400இன் வி4ஆர்4 (வெர்ஷன் 4, ரிலீஸ் 4) உடன் வந்தது. அப்போது பார்ட்டிஷன்களில் ஒன்று 'முதன்மை'. மற்றவை அதை நம்பித்தான் ஓடின. அதை நிறுத்தினால் எல்லாமே நின்றுபோகும். வெர்ஷன் தகராறும் அங்கேதான். 2001இல் வந்த வி5ஆர்1 லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு இடம் கொடுத்தது. ஆனால் லினக்ஸ் வேண்டுமென்றால் முதலில் முதன்மைப் பார்ட்டிஷன் வி5ஆர்1க்கு மாறியாக வேண்டும். அதனால் விவரமான நிர்வாகிகள் முதன்மையில் முக்கிய வேலை எதையும் வைக்க மாட்டார்கள்.

2004இல் ஐபிஎம்மின் பவர்5 பிராசசர் கொண்ட சர்வர்கள் வந்தபோது, பார்ட்டிஷன்களை நிர்வகிக்கும் பொறுப்பு ஹைப்பர்வைசருக்குப் போனது. அது ஃபர்ம்வேருக்குள், அதாவது வன்பொருளோடு சேர்ந்தே வரும் மென்பொருளுக்குள், இருக்கும். முதன்மை என்ற ஏற்பாடே ஒழிந்தது. ஆனாலும் பிராசசர் விடவில்லை: பவர்5இல் வி5ஆர்2 ஏறாது, வி5ஆர்3 ஆவது வேண்டும். நினைவகத்தைக் கையாள்வது, குறுக்கீடுகளை (சாதனங்கள் பிராசசரைக் கூப்பிடும் சிக்னல்களை) கவனிப்பது எல்லாம் சிப்போடு நேரடியாகப் பேசும் வேலைகள். தான் எழுதப்பட்ட பிறகு பிறந்த சிப்பைப் பற்றி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு என்ன தெரியும்?

இதற்குப் பிற்பாடு வந்த வழி, புது பிராசசரைப் பழையதாக நடிக்க வைப்பது. லினக்ஸ் பார்ட்டிஷன் ஒன்று பூட் ஆகும்போது, தனக்குத் தெரிந்த பிராசசர் தலைமுறைகளின் பட்டியலை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஹைப்பர்வைசரிடம் கொடுக்கிறது. ஹைப்பர்வைசர் அதை நிர்வாகி அனுமதித்த உச்ச வரம்போடும் உள்ளே இருக்கும் சிப்போடும் ஒப்பிட்டு, எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் மிகப் புதிய தலைமுறையைத் தேர்ந்தெடுக்கிறது. தேவைப்பட்டால் பார்ட்டிஷனை அந்த இடத்திலேயே ஒருமுறை ரீபூட் செய்துவிடும். முதல்முறை பார்ப்பவருக்கு ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். அப்புறம் பிராசசரில் இதற்கென்றே உள்ள ஒரு ரிஜிஸ்டரில் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவிடத்தில்) சில பிட்களை மாற்றுகிறது. அவ்வளவுதான், புதுத் தலைமுறையில் சேர்ந்த கட்டளைகள் அந்தப் பார்ட்டிஷனின் புரோகிராம்களுக்கு இல்லாமல் போய்விடும். கூப்பிட்டால், பழைய சிப்பில் வருவது போலவே பிழைதான் வரும்.

நடிப்புக்கு விலையும் உண்டு. பவர்8 பிராசசரின் கோர் ஒன்றில் 8 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் கட்டளை வரிசைகள்) வரை ஓடலாம். அதே கோர் பவர்7 ஆக நடிக்கும் முறையில் 4தான். எத்தனை தலைமுறை பின்னால் போகலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது. ஓஎஸ்/400இன் வழித்தோன்றலான 'ஐபிஎம் ஐ' ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 7.1 வெர்ஷன் பவர்8இல் ஓடும், பவர்9இல் ஓடாது.

ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனை நிறுத்தாமல் பவர்8 பெட்டியிலிருந்து பவர்9 பெட்டிக்கு நகர்த்தும்போது இந்த நடிப்பு இன்னும் முக்கியம். நகர்ந்த பிறகும் அது பவர்8 முறையிலேயே ஓடும், திரும்பவும் கொண்டுவரலாம். ஆனால் எந்தத் தலைமுறை முறை என்ற அமைப்பை 'டிஃபால்ட்' என்று விட்டு, பவர்9 தெரிந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புது இடத்தில் ரீஸ்டார்ட் செய்தால், அது பவர்9 முறைக்குத் தாவிவிடும். அதற்கு மேல், ஓட்டத்தை நிறுத்தாமல் அதைப் பழைய பெட்டிக்குக் கொண்டுபோக முடியாது.