கையில் 3 லட்சம்: புதுக் காருக்கு முன்பணமா, பழைய கடனுக்கா?

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சின்னக் கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியதிலிருந்து, என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் பலரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "சார், விலை குறைஞ்சிருக்கு, இப்பவே வண்டியை மாத்திடலாமா?" எந்த வண்டி, என்ன கலர் என்று நான் கேட்பதில்லை. இப்போது என்னென்ன கடன் ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் வட்டி எவ்வளவு என்றுதான் கேட்பேன். மாதத் தவணை எவ்வளவு என்பது எல்லோருக்கும் நுனி நாக்கில் இருக்கும். வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது குடும்பங்களுக்கு வரவு செலவுத் திட்டம் போட்டுத் தரும் வேலையைச் செய்கிறேன். சமீபத்தில் வந்த ஒரு குடும்பத்தின் கணக்கை இங்கே வைக்கிறேன், அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், இரண்டு சம்பளமும் சேர்ந்து மாதம் 78,000 ரூபாய். வீட்டுக் கடனுக்கு 18,000 போகிறது. 14 சதவீத வட்டியில் எடுத்த பர்சனல் லோனில் இன்னும் 2.6 லட்சம் பாக்கி, அதற்குத் தவணை 11,500. கிரெடிட் கார்டில் 1.2 லட்சம் நிற்கிறது, அதற்கு மாதாமாதம் 6,000 கட்டி வருகிறார்கள். 2014-இல் வாங்கிய ஒரு சின்னக் கார், கடன் முடிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது சீட்டு முடிந்து 3 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. அதை முன்பணமாகக் கட்டி, 8 லட்சம் கடன் போட்டு, புது வண்டி எடுக்க வேண்டும் என்பது திட்டம்.

ஷோரூம் விலை 9.5 லட்சம். ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரிப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், அது சுமார் 1.2 லட்சம். மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்து இன்சூரன்ஸ், அப்புறம் இதர செலவு என்று எல்லாம் கூட்டினால் வண்டி ரோட்டுக்கு வரும்போது 11 லட்சத்தைத் தாண்டிவிடும். ஜிஎஸ்டி குறைந்ததில் மிச்சமான பணம் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மிச்சம், கடன் இல்லாதவருக்குத்தான் முழுசாகப் போய்ச் சேரும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், கார் கடனுக்கு வட்டி 9.5 சதவீதம்தானே, கம்மிதானே என்று இவர்கள் நினைத்தார்கள். அவர்களுடைய கிரெடிட் கார்டில் மாத வட்டி 3.5 சதவீதம். வருடத்துக்கு 42. 1.2 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 4,200 ரூபாய், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 756 ரூபாய். அவர்கள் கட்டுகிற 6,000-த்தில் அசலுக்குப் போவது ஆயிரம் ரூபாய் சொச்சம்தான். இப்போது அந்தச் சீட்டுப் பணத்தில் 1.2 லட்சத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அதைக் காருக்கு முன்பணமாகக் கொடுத்தால், அவ்வளவு தொகைக்குக் கார் கடன் குறைகிறது, தொடக்கத்தில் மாதம் 950 ரூபாய் வட்டி மிச்சம். அதே பணத்தைக் கார்டில் கட்டினால் மாதம் 4,950 ரூபாய் மிச்சம். பணம் ஒன்றுதான், போகிற இடம்தான் வேறு. 42 சதவீதக் கடன் பாக்கி இருக்கிறவரை, காருக்குப் போடுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் நீங்கள் உண்மையில் கொடுக்கும் வட்டி அந்த 42 சதவீதம்தான். ஷோரூமில் யாரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், சொல்வது அவர்கள் வேலையும் இல்லை.

அந்த வீட்டு அம்மா ஒன்று சொன்னார்: "சீட்டுப் பணத்தை வேற எதுலயாவது போட்டா கரைஞ்சிடும் சார், வண்டின்னா கண்ணு முன்னாடி நிக்கும்." இதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை, ஏனென்றால் நிறைய வீடுகளில் இதுதான் உண்மையான காரணம். கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு ஒரு பொருளாக மாறினால்தான் பாடுபட்டதற்கு அர்த்தம் இருப்பதாகத் தோன்றும், கடனை அடைத்தால் வீட்டில் புதிதாக எதுவும் வந்து நிற்காது. அதோடு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பழைய வண்டியில் போய் இறங்கும்போது நாலு பேர் பார்க்கிற பார்வையும் இருக்கிறது. அந்த வலி நிஜம். ஆனால் கண் முன்னால் நிற்கிற வண்டியும் கரைகிறது. இன்சூரன்ஸ் கணக்கில் காரின் மதிப்பு மூன்றாவது வருட முடிவுக்குள் 30 சதவீதமும் ஐந்தாவது வருட முடிவுக்குள் 50 சதவீதமும் கழிக்கப்படும். 8 லட்சத்தை 7 வருடத்துக்குப் போட்டால் தவணை சுமார் 13,075. மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டி, 4.7 லட்சம் கொடுத்து முடித்த பிறகும் 5.2 லட்சம் பாக்கி நிற்கும். முழுக்க முடிக்கும்போது வட்டி மட்டும் 3 லட்சத்தை ஒட்டி வந்திருக்கும். ஐந்து வருடத்துக்குப் போட்டால் வட்டி 2 லட்சத்துச் சொச்சம், ஆனால் தவணை 16,800 ஆகிவிடும், அதைத் தாங்க முடியாது என்றுதான் ஏழு வருடத்துக்குப் போகிறார்கள்.

சரி, புதுக் காரை இப்போதே எடுத்தால் என்ன ஆகும்? 35,500 ஏற்கெனவே போகிறது, அதோடு 13,075. மொத்தம் 48,575, சம்பளத்தில் 62 சதவீதம். மீதி 29,000 சொச்சத்தில் பிள்ளைகள் பள்ளிக் கட்டணம், மளிகை, பெட்ரோல், பெரியவர்களுக்கு மருந்து எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அடங்காதபோது எது உதவிக்கு வரும்? அதே கிரெடிட் கார்டுதான். புது வண்டி எடுத்து ஒரு வருடத்துக்குள் கார்டு பாக்கி இரண்டு மடங்கான குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் ஒருவர்கூட ஊதாரி இல்லை.

நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. 3 லட்சத்தில் 1.2 லட்சம் கார்டுக்கு, முழுசாக முடித்துவிட வேண்டும். 1.3 லட்சம் பர்சனல் லோனுக்கு. பகுதித் தொகை கட்ட சில வங்கிகள் குறிப்பிட்ட தவணைகள் முடிந்திருக்க வேண்டும் என்பார்கள், கட்டணமும் பிடிப்பார்கள், கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். மீதி 50,000 அவசரத்துக்கு அப்படியே இருக்கட்டும், இதைத் தொடவே கூடாது. கார்டுக்குக் கட்டிய 6,000-த்தையும் சேர்த்து பர்சனல் லோனுக்கு மாதம் 17,500 கட்டினால் எட்டு மாதத்தில் அது முடிந்துவிடும். அப்புறம் அதே 17,500-ஐ வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்டி சேமிப்பாகப் போட்டால் ஒரு வருடத்தில் 2.1 லட்சம், வட்டி தனி. பழைய வண்டியைக் கொடுத்தால் வருகிற பணத்தையும் சேர்த்தால், இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிய முன்பணம், தலையில் வீட்டுக் கடன் மட்டும். வித்தியாசம் இருபது மாதம். அந்த இருபது மாதத்தைப் பழைய வண்டியில் ஓட்ட முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

இங்கேதான் ரிப்பேர் பயம் வருகிறது. நாலு டயர், கிளட்ச், பேட்டரி, சஸ்பென்ஷன் வேலை எல்லாம் ஒரே வருடத்தில் வந்து 60,000 ரூபாய் ஆனாலும் அது புதுக் காரின் ஐந்து மாதத் தவணைகூட ஆகாது. அடுத்து எல்லோரும் சொல்வது 20 சதவீத எத்தனால் பெட்ரோல். பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர் பாகங்களை மெக்கானிக்கிடம் காட்டிப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் கணக்குப் போடுங்கள்: மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் செலவு 6,700. ஐந்து சதவீதம் கூடினால் 335 ரூபாய் அதிகம். 335 ரூபாயைத் தவிர்க்க 13,000 ரூபாய் தவணை எடுப்பதில் என்ன நியாயம்?

பாதுகாப்பு மட்டும் நான் தள்ளிப்போடச் சொல்லாத விஷயம். திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கார்களில் 2019 ஏப்ரலிலிருந்தும், ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்தும்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியில் இரண்டும் இல்லாமல், குடும்பத்தோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறீர்கள் என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான். அதேபோல, வாரம் மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் ஒருவர் வந்தார், வண்டி இரண்டு முறை நடுவழியில் நின்றிருக்கிறது. கடன் இருந்தும் அவரை நானே வாங்கச் சொன்னேன், ஆனால் நாலைந்து வருடம் ஓடிய சின்ன வண்டியாகப் பார்த்து. பழைய வண்டிக்குக் கடன் தரும் இடங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: "10 பர்சென்ட்தான் சார்" என்பது ஃப்ளாட் வட்டியாக இருக்கும், அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடும் வட்டி. ஐந்து வருடத்துக்கு 10 சதவீத ஃப்ளாட் என்றால், குறையும் அசலுக்கான கணக்கில் அது 17 சதவீதத்தைத் தாண்டும். 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கடனின் முக்கிய விவரத் தாளை எழுத்தில் தர வேண்டும், அதில் கட்டணங்களும் சேர்ந்த வருடாந்திர விகிதம் இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். முன்பணத்துக்காக நகையை அடகு வைக்காதீர்கள். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்து, அசல் அப்படியே நிற்க, இந்தப் பக்கம் கார் தவணையும் ஓடும். ஒரு வருடம் வட்டி கட்ட முடியாமல் போனால் ஏல நோட்டீஸ் வரும். வருடா வருடம் மதிப்பு இறங்குகிற பொருளுக்காக அந்த வீட்டுப் பெண்ணின் நகை ஏலத்துக்குப் போவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், இன்னொரு வீட்டில் பார்க்க விரும்பவில்லை.

வீட்டுக் கடன் முடிகிறவரை யாரும் கார் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கார்டு, பர்சனல் லோன், நகைக்கடன் இந்த மூன்றும் போய்விட்டால் போதும், அதற்குப் பிறகு சம்பளத்தில் தாங்குகிற தவணைக்கு நல்ல வண்டியாக எடுங்கள். அதற்கு முன் பழைய வண்டியின் பதிவுச் சான்றை, அதாவது ஆர்சியை, ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பலர் கார் கடனைக் கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் ஆர்சியில் வங்கியின் பெயர் நீக்கப்படாமலே இருக்கும். வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி ஆர்டிஓவில் நீக்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால், மாற்றப் போகிற அன்றைக்கு அதையே காரணமாகச் சொல்லி வண்டியின் விலையைக் குறைப்பார்கள்.