கோட்டுன்னா ஆடா? ஒரு சொல்லும் கொஞ்சம் கூடைப்பந்தும்

பாளையங்கோட்டைல சாயங்காலம் பந்து போட்டு முடிச்சிட்டு டீக்கடைல நின்னா எங்க செட்டுக்கு தினமும் ஒரே பஞ்சாயத்துதான், கூடைப்பந்துல பெரிய ஆளு அமெரிக்காவோட மைக்கேல் ஜோர்டானா லெப்ரான் ஜேம்ஸான்னு. போன வாரம் ஒரு பய "ஏலே, ஜோர்டான்தாம்ல கோட்"னு கத்த, பக்கத்துல வடை தின்னுக்கிட்டு இருந்த அண்ணாச்சி ஒருத்தர் "யாரப் போயி ஆடுங்கிய?"ன்னு கேட்டுட்டாரு. அவரு கேட்டதுலயும் தப்பில்ல. நம்ம ஊர்ல ஒருத்தன பாராட்டணும்னா புலிம்போம், சிங்கம்போம், எமகாதகன்ம்போம், ஆடுன்னு சொன்னா அடிக்கத்தான் வருவான்.

இங்கிலீஷ்ல கோட்னா ஆடுதான், ஆனா இந்த கோட்ங்கிறது கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்ங்கிற நாலு வார்த்தையோட மொத எழுத்த கோத்த சுருக்கம். விதை போட்டது குத்துச்சண்டை வீரர் முகமது அலி, 1960கள்லயே நான்தான் கிரேட்டஸ்ட்னு மைக் கண்ட இடமெல்லாம் முழங்குன மனுசன். 1992ல அவரு வீட்டம்மா லோனி அலி அவரோட பேரு, படம் இதுக்கெல்லாம் உள்ள வியாபார உரிமைய பாத்துக்க ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, அதுக்கு வச்ச பேரே இந்த நாலெழுத்துதான். 2000ல எல்எல் கூல் ஜேன்னு ஒரு ராப் பாடகர் தன் ஆல்பத்துக்கு அதையே தலைப்பாக்க, அப்புறம் ஊரெல்லாம் பரவி 2018ல மெரியம் வெப்ஸ்டர் அகராதிலயும் ஏறிருச்சு. நம்ம பக்கம் டீக்கடை வரைக்கும் கொண்டுவந்து சேத்தது 2024ல இதே பேர்ல வந்த விஜய் படம்.

ஆனா இதுக்கு முந்தியே அமெரிக்க விளையாட்டுல கோட்னு ஒரு வார்த்தை உண்டு, அர்த்தம் நேர் தலைகீழ். ஜெயிக்கவேண்டிய மேட்ச தொலச்சவன்தான் கோட், அதாவது நம்ம பலிகடா. 1993 அமெரிக்க காலேஜ் கூடைப்பந்து ஃபைனல்ல தன் டீம் 2 பாயிண்ட் பின்னால இருக்கும்போது, கடைசி 11 விநாடில, ஆட்டத்த கொஞ்சம் நிறுத்தச் சொல்ற டைம்அவுட்ட கைவசம் இல்லாமலே கேட்டு கிறிஸ் வெப்பர் மாட்டுனாரே, பழைய வழக்குப்படி அவருதான் கோட். சுடலைமாடன் கொடைல கிடாவுக்கு மொதல்ல மாலை, அப்புறம்தான் வெட்டு. இந்த வார்த்தைக்கு மொதல்ல வெட்டு, அப்புறம் மாலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவுல இன்னொரு ஆடும் இருக்கு. நியூயார்க் ஹார்லம் தெருக் கோர்ட்ல ஆடுன ஏர்ல் மேனிகால்ட்டுக்கு பட்டப்பேரே தி கோட், பேரோட கடைசி ஒலிய வச்சு வந்ததுன்னு சொல்லுவாங்க. அமெரிக்காவோட பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏ பக்கமே ஆடாதவரு. 1989ல ரிட்டயர் ஆகும்போது என்பிஏ ஜாம்பவான் கரீம் அப்துல் ஜப்பார்ட்ட நீங்க பாத்ததுலயே பெரிய ஆட்டக்காரர் யாருன்னு கேக்க, அவரு சொன்னது இந்த தெரு ஆளு பேரத்தான்! சீசனோட சிறந்த ஆட்டக்காரருக்கு குடுக்குற எம்விபி விருத 6 தடவை வாங்குன மனுசன் வாயால வந்த பேரு, அத ஜோர்டான் கட்சியும் எடுக்காது லெப்ரான் கட்சியும் எடுக்காது.

சரி தமிழ்ல என்ன சொல்ல? எக்காலத்திலும் தலைசிறந்தவர்னு எழுதுதாங்க, இலக்கணப்படி சரிதான். எனக்கு இடிக்கிறது அந்த எக்காலம். எக்காலம், முக்காலம்னா இனிமே வரப்போறவனும் அதுல அடக்கம்லா, அது யாருக்கு தெரியும்? இங்கிலீஷ்ல ஆல் டைம்னு சொன்னாலும் பேச்சு நடக்கிறது என்னமோ இன்னைக்கு வரைக்கும் ஆடுனவன வச்சுத்தான். கரீமோட 38,387 பாயிண்ட்ட யாரும் தொட முடியாதுன்னு இருந்தாங்க, 2023 பிப்ரவரில லெப்ரான் தாண்டிட்டாரு. ஜோர்டானுக்கு 6 ஃபைனல் 6 கப்புன்னு இங்கன ஒருத்தன் ஆரம்பிச்சா, பழைய என்பிஏ ஆட்டக்காரர் பில் ரஸ்ஸலுக்கு 13 சீசன்ல 11 கப்புலேன்னு இன்னொருத்தன் மடக்குவான், அவரு சேரும்போது லீக்ல மொத்தமே 8 டீம்தான்னு மூணாவது பய ஊதுவான். காலம் மாற மாற அளவுகோலும் மாறுது, அப்புறம் எக்காலத்துக்கும் எங்க போயி தீர்ப்பு சொல்ல.

தமிழ்ல தலை, இடை, கடைன்னு தரம் பிரிக்கிற பழைய வழக்கம் ஒண்ணு இருக்கு, தலையாய, கடையாயன்னு வர்றதெல்லாம் அதுதான். சென்னை டீம் ரசிகர்கள் தோனிய தலன்னு கூப்பிடுததும் அந்த தலைதான். அதனால எழுத்துக்கு நான் வச்சிருக்கது "இதுவரை தலையாய ஆட்டக்காரர்". சுருக்கி தலையாட்டக்காரர்னு எழுதிப் பாத்தேன், எவன் என்ன சொன்னாலும் தலையாட்டுற ஆளு மாதிரி ஆயிருச்சு, விட்டுட்டேன். பேச்சுக்குன்னா புதுசா எதுவும் வேண்டாம், "இவன அடிச்சுக்க இன்னும் ஒருத்தன் வரல"ன்னு நம்மாளுக சொல்லுததுல அந்த "இன்னும்" இருக்கு பாருங்க, அதுலயே எல்லாம் வந்துருது.

அண்ணாச்சிட்ட இவ்வளவையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "ஆடுன்னா விளையாடுன்னும் அர்த்தம்தானடே, ஆட்டக்காரன்னா ஆடு வச்சிருக்கவனும் ஆட்டக்காரன்தான், அப்புறம் அந்த பய சொன்னதுல என்ன தப்பு"ன்னு கேட்டுட்டு டீக்கு காச குடுத்துட்டு போயிட்டாரு.