மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கிறது

லினோகட், அதாவது லினோலியம் (லினோ) பலகையில் உளியால் செதுக்கி மையிட்டு அச்சிடும் கலை, பயிலும் இன்னொருவரின் இடது சுட்டுவிரலில் கட்டு. கேட்டால் இந்த முறையும் அதே விளக்கம்: "புதுசா கத்துக்கிறவங்க, அதனால கூர் தீட்டாத உளியா குடுத்தோம்."

தயவுசெய்து இதை விடுங்கள். கூரான உளி விரல்களின் அழுத்தத்துக்கே லினோவில் இறங்கும், நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கும். மழுங்கியது மேற்பரப்பைப் பற்றாது. அதனால் மணிக்கட்டைக் கொடுக்கிறோம், பிறகு முழங்கையை, கடைசியில் தோள்பலம் முழுவதையும். அது சட்டென்று வழுக்கும்போது அத்தனை பலமும் எதிரே இருப்பதன்மேல் பாய்கிறது. எதிரே இருப்பது, பலகையைப் பிடித்திருக்கும் உங்கள் மறு கை. கூர்மையைக் கண்டு பயந்து வலிமையைக் கூட்டுகிறீர்கள். காயத்தை உண்டாக்குவது அந்த வலிமைதான்.

கூர் பார்க்கக் கட்டைவிரலில் தடவ வேண்டாம். துண்டு லினோவில் கீறுங்கள். சீவல் ஒரே சுருளாக எழுந்தால் நல்லது. பொடியாக உதிர்ந்தால், பள்ளத்தின் விளிம்பு பிய்ந்திருந்தால், உளி மழுங்கியிருக்கிறது அல்லது லினோ இறுகியிருக்கிறது. லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயும் பிசினும் தக்கைத்தூளும் கலந்து சணல் துணியில் ஏற்றியது. காற்றுப்பட அந்த எண்ணெய் வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கினால் உளி இறங்கும். அப்போதும் நொறுங்கினால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள். உளிக்கு, மெருகுப்பசை தடவிய தோல்பட்டையில் பின்னோக்கி மட்டும் பத்து இழுப்பு. வேலை நடக்கும்போது அரைமணிக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

மலைக்காட்சியைச் செதுக்கும்போது காயம் பெரும்பாலும் முகட்டுக்கோட்டில்தான் நேர்கிறது. கோடு ஏறி, வளைந்து, இறங்கும். வளைவு வந்ததும் உளியைத் திருப்புகிறார்கள். அதன் முனை நேராக மறு கையைப் பார்க்கிறது. உளி திரும்பக் கூடாது, பலகைதான் திரும்ப வேண்டும். வி வடிவ முனையுள்ள உளியைத் தாழ்வாகப் பிடித்து, வெளிப்பக்கமாகத் தள்ளி, மறு கையை எப்போதும் முனைக்குப் பின்னால் வையுங்கள். மேசை விளிம்பில் மாட்டி நிற்கும் பெஞ்ச் ஹூக் ஒன்று இருந்தால் பலகையை அது தாங்கிக்கொள்ளும். வெட்டுத்தாங்கும் கையுறை உதவும்தான், ஆனால் உளிமுனை அதையும் குத்தித் துளைக்கும்.

ஆழமாகத் தோண்டுவதும் வீண். மூன்று மில்லிமீட்டர் லினோவில் மெல்லிய கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் போதும். வானம் போன்ற அகலமான வெற்றிடத்தில் மட்டும் மை தடவும் ரோலர் உள்ளே தொடாதபடி யூ வடிவ உளியால் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள். சணல் தெரியும்வரை போக வேண்டாம்.

ஒரே பலகையை வெட்டிக் குறைத்துக்கொண்டே பல நிறம் அச்சிடுகிறவர்கள் முதலில் மூடுபனியின் வெள்ளையை வெட்டி வெளிர்நிறம் ஏற்றுங்கள். அடுத்து வானத்தையும் தொலைமலையையும் வெட்டிவிட்டு நடுநிறம். அருகிலுள்ள மலை கடைசியில், அடர்நிறத்தில். பத்துப் பிரதி வேண்டுமென்றால் பதின்மூன்று தாளில் தொடங்குங்கள், பின்னால் திரும்ப வழியில்லை. நன்றாகத் தெரிந்த மலையென்றால் படத்தை இடம்வலமாகத் திருப்பி வரைய மறக்காதீர்கள். ஊர்க்காரர் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். கடைசி வெட்டுதான் மிக நுணுக்கம், அதற்குள் கை ஓய்ந்திருக்கும். அதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுப்பட்டால் சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ, வாய் பிளந்த காயமாக இருந்தாலோ பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலையைத் தொடராதீர்கள். நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. எண்ணெய் மை துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் எறிகிறீர்கள். அந்த மையிலுள்ள ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றலாம். திறந்த வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லையேல் தண்ணீர் நிறைத்த மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள்.