விரல் பட்டால் நின்றுவிடுமாம்!

நான் கை அறுவை மருத்துவர். விரல், உள்ளங்கை, மணிக்கட்டு, இவ்வளவுதான் என் உலகம். வருகிற காயத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் ஆளுடைய தொழில் தெரிந்துவிடும். மர மில்லில் வேலை பார்ப்பவர் காயம் ஒரு மாதிரி, பிரஸ் மெஷின் காயம் வேறு மாதிரி. கொஞ்ச காலமாக இன்னொரு ரகம் வருகிறது. நக இடுக்கில் காய்ந்த கோந்து, விரல் நுனியில் நூல் இழுத்து இழுத்துக் காய்த்த கோடு, பேச்சில் நிதானம். பழைய பாய்மரக் கப்பல்களை 1:64, 1:96 என்று சிறு அளவில் கட்டுகிற ஆட்கள். இந்த வாரமும் ஒருவர் வந்தார். படாக் மரத்தைக் கீற்று கீற்றாக அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதன் தூளும் சிவப்பு. காயத்தைக் கழுவும்போது எது மரம், எது ரத்தம் என்று பிரித்துப் பார்க்கவே நேரம் பிடித்தது.

எப்படி ஆனது என்று கேட்டேன். அவரே செய்த மினி டேபிள் சா, அதாவது மேசை ரம்பம். 775 ரகச் சின்ன மோட்டார், பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை, பிளைவுட் மேல்தளம், நடுவில் ஒரு கீறல், கீறலில் பிளேடு. "பிளேடை மூடுகிற கார்டு?" இல்லை. "ஸ்ப்ளிட்டர்?" இல்லை. "தள்ளுகுச்சி?" சிரித்தார். அப்புறம் சொன்னார், இந்த ரக நோயாளிகள் எல்லோரும் சொல்கிற அதே வசனத்தை: "சின்ன மோட்டார்தான் டாக்டர், விரல் பட்டா நின்னுடும்னு நினைச்சேன்."

இந்த வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விரல் பட்டால் நிற்கிற மோட்டார் மரத்தை எப்படி ஐயா அறுக்கும்? பாக்ஸ்வுட், பேரிக்காய் மரம் மாதிரிக் கெட்டி மரத்தை அறுக்கிற பிளேடு, அதைவிடப் பல மடங்கு மெத்தென்ற தோலையும் கொழுப்பையும் நரம்பையும் பார்த்து மரியாதை கொடுத்து நின்றுவிடுமா? நிற்கும், நான் மறுக்கவில்லை. எலும்பில் போய்ச் சிக்கிய பிறகு நிற்கும். அதற்குள் எனக்கு வேலை வந்துவிடும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். 60 மில்லிமீட்டர் பிளேடு, நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேல். தச்சுப் பட்டறையில் இருக்கிற 10 அங்குலப் பெரிய டேபிள் சா நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் நொடிக்கு 53 மீட்டர் வரும். அதாவது உங்கள் "பொம்மை" மெஷினின் பல், பெரிய மெஷினின் பல் ஓடுகிற வேகத்தில் பாதிக்கும் மேல் ஓடுகிறது. பிளேடில் 48 பல் இருந்தால் ஒரு நொடிக்கு 8,000 பல் ஒரே இடத்தைக் கடக்கும். வலி உறைத்து, மூளை முடிவெடுத்து, கை பின்வாங்க நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் 1,600 பல் கடந்திருக்கும். "சட்னு கையை எடுத்துட்டேன் டாக்டர்" என்கிறார்கள். எடுத்திருப்பீர்கள், 1,600 பல் போன பிறகு.

சரி, வெட்டு ஆழமாக இருக்காதே, பிளேடு 10 மில்லிமீட்டர்தானே வெளியே நிற்கிறது என்பார் இன்னொருவர். உங்கள் ஆள்காட்டி விரலின் உள்பக்கம் இருக்கிற மடிப்புக் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு அடியில் சில மில்லிமீட்டரிலேயே விரலை மடக்குகிற தசைநாண் ஓடுகிறது. இரு ஓரத்திலும் ஒரு நரம்பு, ஒரு ரத்தக்குழாய். விரலில் தசையே கிடையாது, ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. 10 மில்லிமீட்டர் என்பது எனக்கு முழு விரல்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதை யாரும் யோசிப்பதே இல்லை. கத்தி வெட்டு வேறு, ரம்ப வெட்டு வேறு. கத்தி பிரிக்கும். ரம்பம் தின்னும். மரத்தில் பிளேடு போன தடத்தில் 1 மில்லிமீட்டர் மரம் தூளாகப் போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுத்தான் பலகையை அறுக்கிறீர்கள். விரலிலும் அதே கணக்குதான். அந்த 1 மில்லிமீட்டர் நரம்பும் ரத்தக்குழாயும் தூளாகப் போய்விட்டது. போதாக்குறைக்கு வீட்டில் செய்த மெஷினில் பிளேடு கொஞ்சம் ஆட்டம் போடும், விரலும் துள்ளும், ஓரம் எல்லாம் நைந்திருக்கும். நைந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் நான் தைக்க முடியும். அதற்குள் இடைவெளி பெருகிவிடும், இரண்டு முனையும் எட்டாது. கையின் வேறு இடத்திலிருந்து ஒரு துண்டு சிரையையும் நரம்பையும் எடுத்து ஒட்டுப்போட வேண்டிவரும். சமையலறைக் கத்தியில் சுத்தமாக வெட்டிக்கொண்டு வருபவரை நான் ஏன் சற்று நிம்மதியோடு பார்க்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

(உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு தகவல். விரல் ரத்தக்குழாயைத் தைக்க நாங்கள் பயன்படுத்துகிற 10-0 நூலின் தடிமன் 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு. 1:96 கப்பலின் மிக மெல்லிய கயிறும் அதன் பக்கத்தில் வடக்கயிறுதான். மைக்ரோஸ்கோப் இல்லாமல் அந்த நூலைப் பார்ப்பதே கஷ்டம்.)

தைத்தால் முடிந்ததா? நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். விரலின் அடியில் வெட்டுப்பட்டிருந்தால் நுனிக்கு உணர்ச்சி வர மாதக் கணக்கு, வந்தாலும் பழைய கூர்மை பெரும்பாலும் வராது. தசைநாண் தைத்தால் முழுப் பளு தூக்க ஏறத்தாழ 12 வாரம். அதுவரை பிசியோதெரபி, பட்டை கட்டிய கை. குளிர் பட்டால் வலிக்கும், அது பல வருடம்கூட நீடிக்கலாம். விரல் நுனி உணர்ச்சியை நம்பி முடிச்சுப் போடுகிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

மெஷினை நீங்களே செய்வதை நான் குறை சொல்லவில்லை. கடையில் வாங்கின மெஷினில் ஒரு சிவில் இன்ஜினியர் அரை மில்லிமீட்டர் பட்டை அறுக்க முடியாமல் தவித்து, தானே ஒன்று செய்து, அது அழகாக அறுப்பதை வீடியோவில் காட்டியிருக்கிறார். பிரமாதமான வேலை. ஆனால் கடை மெஷினோடு வருகிற, எல்லோரும் கழற்றிப் போடுகிற அந்த நாலு பிளாஸ்டிக் துண்டுகள் எதற்கு என்று யோசிக்காமல் மோட்டாரையும் பிளேடையும் மட்டும் காப்பியடிக்கிறீர்கள். கோபம் அங்கேதான்.

முதலில் ஸ்ப்ளிட்டர். பிளேடுக்குப் பின்னால், அதே கோட்டில் நிற்கிற ஒரு தகடு. அறுபட்ட பிளவு மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வுவதை அது தடுக்கும். கவ்வினால் மரம் உங்களை நோக்கிப் பாயும், அந்த அதிர்ச்சியில் கை பிளேடு மேல் போகும். பிளேடின் உடம்பைவிடச் சற்றுத் தடிமனாக, பல் அறுக்கிற தடத்தைவிடச் சற்று மெல்லியதாக ஒரு பித்தளைத் தகடு போதும். கப்பலுக்குப் பித்தளையில் பீரங்கி கடைகிறவருக்கு இதைச் செய்ய ஒரு மணி நேரம் ஆகுமா?

பிளேடு மரத்துக்கு மேல் பல் உயரம் மட்டும் எட்டிப் பார்க்கட்டும். 3 மில்லிமீட்டர் பலகைக்கு 15 மில்லிமீட்டர் பிளேடு எதற்கு? ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுகிற ஓரக்கட்டை, பிளேடுக்கு இணையாக இருக்க வேண்டும், பின்பக்கம் நெருங்கினால் மரம் சிக்கும். மெல்லிய கீற்றை ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் விட்டு அறுக்காதீர்கள். கீற்று வெளிப்பக்கம் விழுகிற மாதிரி வையுங்கள். குறுக்கே வெட்டும்போது ஃபென்ஸை அளவுக்கட்டையாகப் பயன்படுத்தவே கூடாது. கடைசி இரண்டு அங்குலத்துக்கு விரல் வேண்டாம், தள்ளுகுச்சி. ஒன்று அல்ல, நாலைந்து செய்து மெஷின் பக்கத்திலேயே வையுங்கள், பிளேடு தின்றால் தின்னட்டும், குச்சிக்கு நரம்பு கிடையாது. ஸ்விட்ச் பார்க்காமலே தட்டி அணைக்கிற இடத்தில், பெரிதாக இருக்கட்டும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத வகை ஸ்விட்ச் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். பிளேடு மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். அறுத்த துண்டைப் பிளேடு சுத்தமாக நின்ற பிறகு எடுங்கள், அணைத்தவுடன் அல்ல.

பல் இல்லாமல் தேய்த்தே அறுக்கிற உராய்வு டிஸ்க் பற்றி ஒரு வரி: அதன் மேல் எழுதியிருக்கிற சுற்று வேகத்தைத் தாண்டி எந்த மோட்டாரிலும் மாட்டாதீர்கள், உடைந்து பறக்கும். கண் என் துறை அல்ல, ஆனால் பக்கத்து அறையில் கண் மருத்துவரிடம் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். கண்ணாடி போடுங்கள், பவர் கண்ணாடி அல்ல, பக்கவாட்டு மறைப்போடு இருக்கிற பாதுகாப்புக் கண்ணாடி. தூளுக்கு நல்ல மாஸ்க்கும் போடுங்கள். மரத்தூள், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை வகுத்திருக்கிற முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றில் இருக்கிறது.

அடுத்து கையுறை. பாதுகாப்பு என்றதும் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு ரம்பத்தின் முன்னால் நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சுற்றுகிற எதன் பக்கத்திலும் துணிக் கையுறை, தோல் கையுறை எதுவும் வேண்டாம். பல்லில் ஒரு இழை மாட்டினால் கையோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். வெறும் விரலாக இருந்தால் வெட்டு. கையுறையோடு போனால் தோலே உரிந்து வரும், அதைத் திரும்பப் போடுவது வெட்டைத் தைப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். மோதிரமும் அப்படித்தான், கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

பாய்மரத்துக்குக் குச்சியைக் கூராக்க, டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு உப்புக்காகிதத்தால் தேய்க்கிறார்கள். காகிதத்தை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இரண்டு விரலுக்கு நடுவில் தளர்வாகப் பிடியுங்கள், இழுத்தால் நழுவிப் போகட்டும். நீண்ட குச்சியின் மறுமுனைக்கு ஒரு தாங்கல் கொடுங்கள், இல்லாவிட்டால் சாட்டை மாதிரி வளைந்து அடிக்கும். கயிறு முறுக்குகிற மெஷினை மோட்டார் போட்டு ஓட்டுகிறவர்கள் முடியைக் கட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருங்கள்.

கூர்க்கத்தி மேசையிலிருந்து உருண்டால் பிடிக்கப் போகாதீர்கள், தொடையை இறுக்கியும் பிடிக்காதீர்கள். விழட்டும். பிளேடு மலிவு.

இவ்வளவும் சொல்லி, பட்டுவிட்டது என்று வையுங்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். அவ்வளவுதான், பெரும்பாலான விரல் ரத்தப்போக்கு இதில் அடங்கும். கப்பல் கயிற்றை எடுத்து விரலின் அடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார், முடிச்சு கச்சிதம், விரல் நீலம். தயவுசெய்து கட்டாதீர்கள்.

சூப்பர் க்ளூ போட்டுக் காயத்தை ஒட்டுகிறவர்களும் உண்டு. மருத்துவமனையில் தோலை ஒட்டுகிற பசை அதே குடும்பம்தான், ஆனால் வேதிப்பொருள் வேறு, அதுவும் கழுவிச் சுத்தம் செய்த மேலோட்டமான காயத்துக்கு. நீங்கள் மரத்தூளை உள்ளே வைத்து மூடி சீல் வைக்கிறீர்கள். பஞ்சை வைத்து அதன் மேல் க்ளூவை ஊற்றினால் சூடேறிச் சுட்டும் விடும்.

"விரல் மடங்குது, அப்போ ஒன்னும் இல்லை" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஒரு விரலை மடக்க இரண்டு தசைநாண்; ஒன்று அறுந்தாலும் இன்னொன்று மடக்கும். பாதி அறுந்தது இன்று மடக்கும், பத்து நாள் கழித்து ஒரு வாளியைத் தூக்கும்போது முழுசாக அறும். கடைசிக் கணு தனியாக மடங்குகிறதா, நுனியின் இரண்டு ஓரத்திலும் தொடுவது ஒரே மாதிரி தெரிகிறதா, பாருங்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே வாருங்கள். மூன்று வாரம் கழித்து வந்தால் தசைநாண் சுருங்கி உள்ளங்கைக்குள் போயிருக்கும், அதைத் தேடிப் பிடித்து இழுப்பது எனக்கும் சுகமில்லை, உங்களுக்கும் சுகமில்லை.

விரல் துண்டானால், துண்டைத் தேய்த்துக் கழுவாமல், நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் இருக்கிற இன்னொரு பையில் வையுங்கள். ஐஸில் நேராகப் புதைக்கக் கூடாது, உறைந்துபோன விரல் எனக்குப் பயன்படாது. தண்ணீரில் மிதக்கவிட்டும் கொண்டுவராதீர்கள், ஊறி நைந்துவிடும். ஒழுங்காகக் குளிர்வித்த விரலுக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு, குளிர்விக்காவிட்டால் ஏறத்தாழ 12. துண்டான கட்டைவிரலை 1965-லேயே ஜப்பானில் திரும்பப் பொருத்திவிட்டார்கள், இன்று வசதி எவ்வளவோ கூடியிருக்கிறது. ஆனால் ரம்பம் தின்ற விரலில் எல்லாவற்றையும் பொருத்த முடியாது, அதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். முடிவை நாங்கள் எடுக்கிறோம், நீங்கள் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வராதீர்கள். வருகிற வழியில் எதுவும் சாப்பிடாதீர்கள், மயக்க மருந்து கொடுக்கவேண்டி வரலாம்.

தனியாக, ராத்திரியில், வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு அறையைச் சாத்திக்கொண்டு அறுக்கிறவர்கள்தான் உங்களில் அதிகம். ரம்ப வேலையைப் பகலில் முடித்து, ராத்திரிக்கு முடிச்சு போடுகிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். முடியவே முடியாது என்றால் கதவை உள்ளே தாழ் போடாதீர்கள். போன் மேசை மேல் அல்ல, சட்டைப்பையில் இருக்கட்டும், ஒரே கையால், அதுவும் இடது கையால் திறக்க வருகிறதா என்று இப்போதே ஒரு தடவை திறந்து பாருங்கள்.